அந்த நிலம் இனாம் இல்லை, மெழுகுக் காசு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை உங்கள் வாசகர் பக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைப் பற்றி ஒரு கடிதம் வந்திருந்தது. சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்தில், ஈ.சி.ஆர் என்கிற கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி, ஒரு சதுர அடி என்ன விலை போகிறது என்று எல்லோருக்கும் தெரியும். அப்படிப்பட்ட இடத்தை அரசாங்கம் எதற்காகச் சில ஓவியர்களுக்கு இனாமாகத் தூக்கிக் கொடுத்தது என்று எழுதியவர் கேட்டிருந்தார். அவர் கோபத்தைக் குறை சொல்லமாட்டேன். தகவல்தான் தப்பு. அந்த நிலத்தை யாரும் யாருக்கும் கொடுக்கவில்லை. துணியில் மெழுகு பூசி, சாயத்தில் முக்கி, விற்ற காசில் வாங்கியது அது.

உனக்கு இதில் என்ன வந்தது என்று கேட்கலாம். நான் ஓவியர் இல்லை. பள்ளியில் கைத்தொழில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். தையல், எம்ப்ராய்டரி, ஒயர் கூடை என்று பிள்ளைகளுக்கு எல்லாம் சொல்லிக்கொடுத்தாலும் என் கைக்குப் பிடித்த வேலை, துணியில் மெழுகும் சாயமுமாகப் படம் போடும் பாட்டிக்தான். ஒரு கெஜம் பாட்டிக் துணிக்குப் பின்னால் எவ்வளவு இடுப்பு வலி இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அதனால்தான் ‘இனாம்’ என்ற சொல் உறுத்தியது.

முதலில் ஒரு குழப்பம். சோழமண்டலம் என்றதும் பாதிப் பேர் தட்சிணசித்ராவைச் சொல்கிறார்கள். அது இன்னும் தெற்கே முட்டுக்காட்டில், பழைய வீடுகளைப் பெயர்த்துக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கும் இடம், 1996இல் திறந்தது. மீதிப் பேர் கிரீம்ஸ் சாலையில் இருக்கும் லலித் கலா அகாதெமியின் கிளை என்று நினைக்கிறார்கள். அது மத்திய அரசுடையது. பெரியமேட்டில் இருக்கும் கவின் கலைக் கல்லூரி மாநில அரசுடையது. சோழமண்டலம் இந்த மூன்றும் இல்லை. ஓவியர்களும் சிற்பிகளும் தாங்களே சங்கம் வைத்து, தாங்களே இடம் வாங்கி, தாங்களே குடிவந்த ஊர்.

கதை அந்தக் கவின் கலைக் கல்லூரியில்தான் ஆரம்பிக்கிறது. 1850இல் அலெக்சாண்டர் ஹன்டர் என்ற மருத்துவர் தொடங்கியது, பிறகு அரசாங்கம் எடுத்துக்கொண்டது. நூறு வருஷம் கழித்து, 1957இல், அதற்கு முதல்வராக வந்தவர் கே.சி.எஸ். பணிக்கர். கோயம்புத்தூரில் 1911இல் பிறந்தவர். ஓவியம் படிக்க வருவதற்கு முன்னால் தந்தித் துறையில் சம்பளத்துக்கு உழைத்தவர். 1944இலேயே முற்போக்கு ஓவியர் சங்கம் என்று ஒன்றைத் தொடங்கி நடத்தியவர். மாதக் கடைசி என்றால் என்ன என்று அறிந்த மனிதர் அவர் என்பதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் பின்னால் நடந்ததெல்லாம் அதிலிருந்துதான் வருகிறது.

அவரிடம் படித்துவிட்டு வெளியே போகும் பையன்களுக்கும் பெண்களுக்கும் அன்றைக்கு என்ன வழி இருந்தது? டிராயிங் மாஸ்டர் வேலை. சினிமா பேனர். விளம்பரக் கம்பெனி. கொடுத்து வைத்தவர்களுக்கு நெசவாளர் சேவை மையம். ரெட்டெப்ப நாயுடு, ஆதிமூலம் போன்ற ஓவியர்களெல்லாம் அங்கே வேலை பார்த்தவர்கள்தான். நவீன ஓவியத்தைக் காசு கொடுத்து வாங்க சென்னையில் விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்கள்கூடத் தேறமாட்டார்கள். ஐந்து வருஷம் வண்ணமும் கோடும் படித்தவன் ஆறாவது வருஷம் பிரஷ்ஷை மூட்டை கட்டிவிடுவான். கெட்டிக்கார மாணவர்கள் ஒவ்வொருவராக இப்படிக் காணாமல் போவதைப் பார்த்துக்கொண்டு பணிக்கரால் சும்மா இருக்க முடியவில்லை.

அவர் கண்டுபிடித்த வழி ரொம்பச் சாதாரணமானது. படம் விற்காது, சரி. கைவினைப் பொருள் விற்குமே? தெரிந்த கைதானே, பாட்டிக் செய்யட்டும், தோலில் வேலை செய்யட்டும், உலோகத்தில், மண்ணில் செய்யட்டும். அதை விற்றுச் சாப்பாட்டுக்குப் பார்த்துக்கொண்டால் மிச்ச நேரத்தில் தன் படத்தைத் தன் இஷ்டத்துக்கு வரையலாம். வாங்குபவன் முகத்தைப் பார்த்து ஒரு கோடுகூட மாற்ற வேண்டியதில்லை. இதற்காகவே ஓவியர்களின் கைவினைச் சங்கம் ஒன்று உருவானது. விற்பனையில் சேர்ந்த பணத்தில் 1966இல் ஈஞ்சம்பாக்கத்தில் சுமார் பத்து ஏக்கர் வாங்கினார்கள். முப்பதுக்கும் மேற்பட்ட கலைஞர்கள். பணிக்கருக்கு அப்போது 55 வயது. மற்றவர்கள் பெரும்பாலும் இளவட்டம்.

இங்கே கொஞ்சம் நிறுத்தி, பாட்டிக் என்றால் என்ன வேலை என்று சொல்கிறேன். இது தெரியாமல் அந்த நிலத்தின் விலை புரியாது.

புதுத் துணியில் கஞ்சி இருக்கும். அதைக் கொதிக்க வைத்து அலசிக் காயப்போட்டு, பென்சிலால் மெல்லிசாகப் படம் போட வேண்டும். பாரஃபின் மெழுகையும் தேன்மெழுகையும் கலந்து உருக்க வேண்டும். பாரஃபின் உடையும், தேன்மெழுகு ஒட்டும். எதை எவ்வளவு போடுகிறோம் என்பதில்தான் கைத்திறன். சூடு குறைந்தால் மெழுகு துணியின் மேலேயே ஏடாக உட்கார்ந்துவிடும், உள்ளே இறங்காது. கூடினால் புகைய ஆரம்பிக்கும், கவனிக்காவிட்டால் தீப்பிடிக்கும். சரியான பதத்தில் தடவினால் துணியைத் திருப்பிப் பார்க்கும்போது எண்ணெய்க் காகிதம் மாதிரி அந்த இடம் தெரியும். பிள்ளைகளிடம் நான் வருஷா வருஷம் சொன்ன ஒரே வாக்கியம், ‘திருப்பிப் பாரு’.

வெள்ளையாக இருக்க வேண்டிய இடத்துக்கெல்லாம் முதலில் மெழுகு. அப்புறம் மஞ்சள் சாயம். சூடான சாயத்தில் போட்டால் மெழுகு கரைந்துவிடும், அதனால் குளிர்ந்த சாயம்தான். காய வேண்டும். மஞ்சளாக நிற்க வேண்டிய இடத்துக்கு மெழுகு. அப்புறம் ஆரஞ்சோ சிவப்போ. மறுபடி காய வேண்டும், மறுபடி மெழுகு. இப்படியே கறுப்பு வரைக்கும் போக வேண்டும். நடுவில் ஒரு தப்பு நடந்தால் அழிக்க ரப்பர் கிடையாது. துணியைக் கையால் கசக்கினால் மெழுகு விரிசல் விட்டு, அந்த விரிசலில் சாயம் ஓடி நரம்பு மாதிரி கோடுகள் விழும். பாட்டிக்கின் அழகே அந்தக் கோடுகள்தான், ஆனால் எங்கே விழும் என்று செய்பவளுக்கே தெரியாது. கடைசியில் கொதிக்கும் சோப்புத் தண்ணீரில் போட்டு மெழுகை எடுக்க வேண்டும். இல்லையென்றால் துணிக்கு மேலும் கீழும் பழைய செய்தித்தாளை வைத்து இஸ்திரி போட்டால் தாள் மெழுகைக் குடித்துக்கொள்ளும். உங்கள் நாளிதழ் இதற்கு மிகவும் ஏற்றது, மை அவ்வளவாக ஒட்டாது. பாராட்டாகவே சொல்கிறேன்.

இப்படி ஒரு திரைச்சீலை முடிக்க எனக்கு ஒரு வாரம் ஆகும். இந்தக் கணக்கில் பத்து ஏக்கருக்கு எத்தனை திரைச்சீலை என்று ஒருநாள் உட்கார்ந்து யோசித்துப் பார்த்தேன். பாதியில் விட்டுவிட்டேன்.

வாங்கிய இடமும் இன்றைக்கு நாம் பார்க்கும் இடம் இல்லை. மணல், ஓலைக் குடிசை. நகரத்திலிருந்து அவ்வளவு தூரம் போய்க் குடியிருப்பதைப் பைத்தியக்காரத்தனம் என்று சொன்ன காலம். பெயரை மட்டும் பெரிதாக வைத்துக்கொண்டார்கள். சோழமண்டலம் என்ற சொல்லைத்தான் வெள்ளைக்காரர்கள் கோரமண்டல் என்று சிதைத்தார்கள். அந்தக் கரையிலேயே பழைய பெயரை எடுத்து வைத்தது எனக்குப் பிடித்த குறும்பு.

பாட்டிக் சோற்றுக்கு, ஓவியம் மனசுக்கு என்று இரண்டையும் கோடு போட்டுப் பிரித்துச் சொல்வார்கள். எனக்கு அது முழு உண்மையாகப் படவில்லை. சென்னை ஓவியர்கள் என்றாலே கோடு என்பார்கள். ஆழம், நிழல் என்று மேற்கத்திய பாணியில் போகாமல், தட்டையான பரப்பில் கோடும் அலங்காரமுமாக நிற்கும் படங்கள். பகலெல்லாம் மெழுகுத் தூரிகையை எடுத்த எடுப்பில் ஒரே இழுப்பாக இழுத்துப் பழகிய கை, ராத்திரி கேன்வாஸ் முன்னால் போய் அதை மறந்துவிடுமா என்ன? ஆராய்ச்சியாளர்கள் வேறு காரணங்கள் சொல்லலாம். துணி வேலை செய்தவளின் சந்தேகம் இது, அவ்வளவுதான்.

பணிக்கரின் படங்களையே பாருங்கள். 1963 வாக்கில் அவர் தொடங்கிய ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசையில் ஜாதகக் கட்டம், கணக்குக் குறி, மலையாள எழுத்து மாதிரி கிறுக்கல் எல்லாம் படம் முழுக்க ஊர்ந்துகொண்டிருக்கும். முதல் தடவை பார்த்தபோது எங்கள் தாத்தாவின் ஓலைக்கட்டு ஞாபகம்தான் வந்தது. படிக்க முயற்சி செய்து ஏமாந்தேன். படிப்பதற்காக எழுதியது இல்லை என்று பிடிபட நேரமாயிற்று.

அதே கிராமத்தில் வாழ்ந்த ஓவியர் ராமானுஜம் வேறு ரகம். பேனாவும் மையுமாக, இடைவெளியே விடாமல், கனவில் வரும் மாளிகைகள், பாம்புகள், பறவைகள். அந்தக் கனவு நகரத்துக்குள் தொப்பி வைத்த ஓர் ஆள் உலாவுவார், அது அவரேதான். வெளியுலகத்தோடு ஒட்ட முடியாமல் தவித்தவர், 1973இல் சின்ன வயதிலேயே போய்விட்டார். வேறு எந்த ஊரில் அவருக்கு ஓர் அறையும், பக்கத்தில் தொல்லை பண்ணாத நாலு மனிதர்களும் கிடைத்திருக்கும்? ஒரு கலை மையத்தின் நோக்கம் என்ன என்று கேட்டால் நான் அந்த அறையைத்தான் காட்டுவேன். அங்கே இருந்த மற்றவர்கள் என்றால் சுல்தான் அலி, செம்பெடுத்து உருக்கி ஒட்டிச் சிற்பம் செய்த நந்தகோபால், ஜெயபால பணிக்கர், சேனாதிபதி, எஸ்.ஜி. வாசுதேவ், பெண்களில் அனிலா ஜேக்கப் என்று சொல்லிக்கொண்டே போகலாம். விஸ்வநாதன் பாரிசுக்குப் போய்விட்டார், வாசுதேவ் பெங்களூருக்கு. போனவர்கள் போக, இருந்தவர்கள் இருந்தார்கள். 1977இல் பணிக்கர் இறந்த பிறகும் கிராமம் கலையவில்லை. கலைஞர்கள் கூடி ஆரம்பிக்கும் இடங்கள் தலைவர் போனதும் கலைவதுதான் வழக்கம், அதனால் இதைச் சொல்கிறேன்.

2009இல் அங்கேயே சமகாலக் கலை மையம் என்று ஓர் அருங்காட்சியகம் திறந்தார்கள். சென்னை ஓவிய இயக்கம் என்று சொல்கிறார்களே, அதை ஒரே கூரையின் கீழ் பார்க்க வேண்டுமென்றால் அங்கேதான் போக வேண்டும். வெளியே மரங்களுக்கு நடுவே கல் சிற்பங்கள். லேபர்னம், இண்டிகோ என்று இரண்டு கூடங்களை வெளிக் கலைஞர்கள் கண்காட்சி நடத்த வாடகைக்கு விடுகிறார்கள். லாபம் பார்க்காத இடம்தான், ஆனால் கரண்ட் பில் வராத இடம் இல்லையே. மெழுகு போய் வாடகை வந்திருக்கிறது. கணக்கு அதே கணக்குதான்.

குறையே இல்லை என்று சொல்லவில்லை. சில வருஷங்களுக்கு முன்னால் நான் எங்கள் பள்ளிப் பிள்ளைகளை வேனில் கூட்டிக்கொண்டு போனபோது, ஒரு படத்துக்கு முன்னால் நின்று ‘இது என்ன மிஸ்?’ என்று கேட்ட பெண்ணுக்குச் சொல்ல எனக்கும் வாய் வரவில்லை, சுவரிலும் பெயரும் வருஷமும் தாண்டி எதுவும் கண்ணில் படவில்லை. எளிய தமிழில் இரண்டு வரி இருந்திருந்தால் அந்தப் பெண் இன்னும் அரை நிமிஷம் நின்றிருப்பாள். வாசல் தாண்டிப் போகும் ஆயிரக்கணக்கான வண்டிகள் கேளிக்கைப் பூங்காவைத் தேடிப் போகின்றன, உள்ளே இப்படி ஓர் இடம் இருப்பது பாதிப் பேருக்குத் தெரியாது. அதில் நம் பத்திரிகைகளுக்கும் பங்கு உண்டு. ஓர் ஓவியர் இறந்தால் மட்டும் கால் பக்கம் போடுகிறீர்கள்.

அந்தப் பெண்ணை அப்புறம் ஒரு பாட்டிக் துணியின் முன்னால் நிறுத்தினேன். ‘மிஸ், இது நம்ம செய்யறதுதானே!’ என்றாள், சத்தமாக. காவலாளி திரும்பிப் பார்த்தார். ஆமாம், நாம செய்யறதுதான் என்றேன். விரிசல் கோடுகளை விரல் படாமல் காற்றிலேயே தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள்.

ஆகையால் அந்த வாசகரிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த தடவை அந்தப் பக்கம் போகும்போது வண்டியை நிறுத்தி உள்ளே ஒரு நடை போய்ப் பார்க்கட்டும். படம் பிடிக்காமல் போகலாம், அது அவர் உரிமை. நிலம் பற்றிய வரியை மட்டும் திருத்திக்கொண்டால் போதும். நீங்களும் ஒரு சின்னத் திருத்தம் போட்டால் நன்றாக இருக்கும்.

அந்த ஞாயிறு பேப்பரை நான் பழைய பேப்பர்காரருக்குப் போடவில்லை. பேத்திக்காக ஒரு திரைச்சீலை செய்துகொண்டிருக்கிறேன், மயில். நீலச் சாயம் காய்ந்து கறுப்புக்குக் காத்திருக்கிறது. இஸ்திரி போடும் அன்றைக்கு அந்த வாசகர் பக்கம் துணிக்கு அடியில் இருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கைத்தொழில் ஆசிரியை,
சென்னை