விழப்போகிற பல்தானே என்று விட்டுவிடாதே

பென்னாகரம்

அன்புள்ள கலா,

உன் கடிதம் கிடைத்தது. மகள் வேலைக்குப் போகிறாள், பேரனை நீதான் பார்த்துக்கொள்கிறாய் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. இங்கே எல்லோரும் சுகம். ஓய்வு பெற்ற பிறகு இவர் தோட்டமே கதி என்று கிடக்கிறார். இந்த வருஷம் மா நன்றாகப் பூத்திருக்கிறது.

கடைசியில் குட்டியின் பல்லைப் பற்றி இரண்டு வரி எழுதியிருந்தாயே, அதிலிருந்து எனக்கு அதே நினைப்பு. மூன்றரை வயதில் மேல் முன்பல் நாலும் பழுப்பாகி ஓரம் உதிர்கிறது, ‘விழப்போகிற பல்தானே’ என்று சம்பந்தி வீட்டில் சொல்கிறார்கள் என்கிறாய். அந்தப் பேச்சைக் கேட்காதே கலா. முன்பல் ஆறேழு வயதில் விழுந்துவிடும், சரி. கடைவாயில் உள்ள பால்பல் பத்து, பன்னிரண்டு வயது வரை நின்றாக வேண்டுமே? சொத்தை அதுவரை முன்பல்லோடு நிற்காது. அங்கே சீழ் கட்டினால் பிள்ளைக்குச் சோறும் இறங்காது, தூக்கமும் வராது. பல்லைச் சீக்கிரமே பிடுங்க வேண்டி வந்தால், பக்கத்துப் பல் அந்த இடத்தில் சாய்ந்துவிடும். அடியிலிருந்து வரும் பல் இடமில்லாமல் கோணலாக முளைக்கும்.

அங்கன்வாடியில் இத்தனை வருஷம் பிள்ளைகளின் வாயைப் பார்த்தவள் நான். மேல் முன்பல் மட்டும் இப்படி அரித்திருந்தால் முதலில் பால் புட்டியைத்தான் கேட்பேன். வாயில் புட்டியை வைத்துக்கொண்டே தூங்கினால் சர்க்கரைப் பால் மேல் பல்லிலேயே தேங்கிவிடுகிறது. தூக்கத்தில் எச்சில் ஊறுவதும் குறைவு, கழுவிவிட ஒன்றுமில்லை. கீழ் முன்பல்லை நாக்கு மூடிக்கொள்வதால் அது தப்பித்துவிடும். குட்டிக்கும் கீழ்ப்பல் நன்றாக இருக்கிறதா, பார்த்து எழுது. ராத்திரிப் புட்டியை ஒரேயடியாக நிறுத்தினால் அழுவான். சர்க்கரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, அப்புறம் வெறும் தண்ணீர் மட்டும் கொடு.

புளோரைடு பேஸ்ட் வேண்டாம் என்று உன் மகள் சொல்வது எங்கள் ஊர்ப் பிள்ளைகளின் பல்லைப் பார்த்த பயத்தில்தான் என்று நினைக்கிறேன். அவளிடம் பக்குவமாகச் சொல். தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் பல இடங்களில் போர் தண்ணீரிலேயே புளோரைடு மிதமிஞ்சிக் கிடந்தது. ஈறுக்குள் பல் உருவாகிற வயதில் தினமும் அதைக் குடித்த பிள்ளைகளுக்கு, விழுந்து முளைத்த பல்லில் வெள்ளைத் திட்டும் பழுப்புக் கோடும் வந்தன. எவ்வளவு தேய்த்தாலும் அது போகாது. அதற்காகத்தான் 2013-இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் காவிரித் தண்ணீரைக் கொண்டுவந்தார்கள். பேஸ்ட்டில் இருப்பது துப்பிவிடுகிற கொஞ்சம், அது சொத்தையைத் தடுக்கும். மூன்று வயது வரை அரிசி அளவு, அதன் பிறகு பட்டாணி அளவு, அவ்வளவுதான். விளம்பரத்தில் காட்டுவது போல பிரஷ் முழுக்கப் பிதுக்க வேண்டாம்.

தேய்ப்பதை அவன் கையில் விட்டுவிடாதே. ஏழெட்டு வயது வரை பெரியவர்கள்தான் தேய்த்துவிட வேண்டும். தரையில் உட்கார்ந்து அவன் தலையை உன் மடியில் மல்லாக்க வைத்துக்கொள், வாய் முழுக்கத் தெரியும். மேல் உதட்டைத் தூக்கி ஈறோரம் பார். சுண்ணாம்பு பூசியது போல வெள்ளைக் கோடு தெரிந்தால் அதுதான் சொத்தையின் ஆரம்பம். அந்த நிலையில் டாக்டர் மருந்து பூசியே நிறுத்திவிடலாம். ஆறு வயதில் கடைசிப் பால்பல்லுக்குப் பின்னால், எந்தப் பல்லும் விழாமலே புதிதாகக் கடைவாய்ப்பல் முளைக்கும். அதையும் பால்பல் என்று நினைத்துவிடுகிறார்கள். ஆயுசுக்கும் இருக்க வேண்டிய பல் அது, இப்போதே நினைவில் வை.

முன்பல்லுக்கு இனி வீட்டு வைத்தியம் போதாது. நீங்கள் இருக்கும் சென்னையிலேயே அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் குழந்தைகளுக்கென்று தனிப் பிரிவு இருக்கிறது. இந்த வாரமே கூட்டிக்கொண்டு போ. அடைப்பார்களா, வேர் சிகிச்சை செய்து கேப் போடுவார்களா என்பதை அவர்கள் பார்த்துச் சொல்லட்டும். போவதற்கு முன்னால் ‘சேட்டை பண்ணினால் ஊசி போடச் சொல்லுவேன்’ என்று வீட்டில் யாரும் மிரட்டாமல் பார்த்துக்கொள். பல்லை எண்ணப் போகிறார்கள் என்று மட்டும் சொல், தைரியமாக வாயைத் திறப்பான்.

டாக்டர் சொன்னதை உடனே எழுது. செலவுக்கு ஏதாவது வேண்டுமென்றால் தயங்காமல் கேள்.

அன்புடன்,
செல்வி