ஃபார்மட் செய்யும் முன் டம்ப் கோப்பைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வேலை நடந்துகொண்டிருக்கும்போதே ஒரு மென்பொருள் சொல்லாமல் கொள்ளாமல் மூடிக்கொள்வது, டிடிபி நிலையங்களிலும் கணக்குத் தணிக்கை அலுவலகங்களிலும் அன்றாடத் தொல்லையாகிவிட்டது. பழுது பார்க்கும் கடைக்குக் கொண்டுபோனால் பெரும்பாலும் கிடைக்கும் பதில், "ஃபார்மட் பண்ணி விண்டோஸை மறுபடி போட்டுடலாம்" என்பதே. இந்த வழக்கம் மாற வேண்டும் என்று, பிழை தேடுவதையே தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில் வலியுறுத்த விரும்புகிறேன். ஃபார்மட் செய்வதால் கோளாறு தீர்கிறதோ இல்லையோ, அதன் காரணத்தைக் காட்டக்கூடிய தடயம் அழிந்துவிடுகிறது.

ஒரு மென்பொருள் செயலிழந்ததும் விண்டோஸ் வழக்கமாகக் கணினியில் நடப்பவற்றின் பதிவேடான ஈவென்ட் வியூவரில் 1000 என்ற எண்ணில் ஒரு பதிவை எழுதும். மென்பொருளின் முதன்மைக் கோப்பிலா, டிஎல்எல் எனப்படும் துணை நிரல் கோப்பிலா, எதற்குள் அது விழுந்தது என்பது அப்பதிவிலேயே இருக்கும். இதைவிடப் பயனுள்ளது, விழுந்த கணத்தின் நினைவகப் பிரதியான டம்ப் கோப்பு. விண்டோஸின் அமைப்புகளைச் சேமித்து வைக்கும் ரிஜிஸ்ட்ரியில் 'லோக்கல் டம்ப்ஸ்' என்ற பிரிவை ஒருமுறை உருவாக்கி வைத்துவிட்டால், அடுத்து விழும் கணத்தில் அந்த மென்பொருளின் நினைவகத்தில் இருந்தவற்றை விண்டோஸ் தானாகவே சேமித்துவிடும். அக்கோப்பை மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தரும் விண்டிபக் என்ற டிபக்கரில் (பிழை தேடும் கருவியில்) திறந்து ஆராய்ந்தால், எந்த நிரல்பகுதி எதை அழைத்தது, அது அடுத்து எதை அழைத்தது, கடைசியில் எங்கே இடறியது என்ற வரிசையைக் காணலாம். மூல நிரல் கையில் இல்லாதவர்களுக்கும் இந்த வரிசை பெரிதும் உதவும்.

அவ்வரிசையில் பல நேரங்களில் நாம் குற்றம் சாட்டிய மென்பொருளின் பெயருக்குப் பதிலாக வேறொன்றின் பெயர் வந்து நிற்கும். அச்சுப்பொறியின் டிரைவர், ஃபைல் திறக்கும் பெட்டிக்குள் நுழைந்துகொள்ளும் கூடுதல் கருவிகள், ஒவ்வொரு மென்பொருளுக்குள்ளும் தன் டிஎல்எல்லை ஏற்றும் சில பழைய தட்டச்சு மென்பொருள்கள் ஆகியவை இவ்வாறு பிறர் வீட்டில் இருந்துகொண்டு சேதம் செய்பவை. விண்டோஸைப் புதிதாக நிறுவிய பின் அதே டிரைவரை மீண்டும் போட்டால் அதே கோளாறு திரும்பி வருவதில் வியப்பில்லை.

ஒவ்வொரு முறையும் வெவ்வேறு இடத்தில் விழுந்தால் மேலும் பொறுமை வேண்டும். நினைவகத்தில் தனக்கு ஒதுக்கிய எல்லையைத் தாண்டி ஒரு நிரல்பகுதி எழுதிவிட, அந்தச் சேதம் வெகுநேரம் கழித்துத் தொடர்பே இல்லாத மற்றொரு பகுதியில் வெளிப்படும். அப்போது டம்ப் கோப்பு காட்டுவது பாதிக்கப்பட்ட இடத்தைத்தான். ஜிஃபிளாக்ஸ் என்ற கருவியால் அந்த மென்பொருளுக்கு மட்டும், நினைவக எல்லைகளைக் கண்காணிக்கும் 'பேஜ் ஹீப்' வசதியை முழுமையாக இயக்கினால், எல்லை மீறும் நொடியிலேயே அது பெரும்பாலும் பிடிபடும். அப்போது மென்பொருள் மிக மெதுவாக ஓடும் என்பதால், காரணம் தெரிந்ததும் அவ்வசதியை நிறுத்திவிட வேண்டும்.

வெவ்வேறு மென்பொருள்கள் காரணமின்றி வெவ்வேறு இடங்களில் விழுந்துகொண்டே இருந்தால் வன்பொருளைச் சந்தேகிக்க வேண்டும். இன்டெல் 13, 14ஆம் தலைமுறை மேசைக் கணினிச் செயலிகள் (பிராசஸர்) சிலவற்றில் விளையாட்டுகள் செயலிழந்தபோது, 'வீடியோ நினைவகம் போதவில்லை' என்ற செய்தி திரையில் தோன்றி பலரைத் திசைதிருப்பியது. செயலிக்குச் சென்ற மிகையான மின்னழுத்தம் இதற்குக் காரணம் என்று 2024இல் இன்டெல்லே அறிவித்து, உத்தரவாதக் காலத்தையும் இரண்டு ஆண்டுகள் நீட்டித்தது. இத்தகைய கணினியை எத்தனை முறை ஃபார்மட் செய்தாலும் பயன் இல்லை.

பழுது பார்ப்பவர்கள் ஈவென்ட் வியூவர் பதிவையும் டம்ப் கோப்பையும் ஒரு பென் டிரைவில் எடுத்து வைத்த பிறகே அடுத்த வேலையைத் தொடங்க வேண்டும். பணம் கொடுப்பவர்களும் அதைக் கேட்டு வாங்க வேண்டும். தங்கள் நாளிதழின் கணினிப் பகுதியில் இதற்கான செய்முறையைப் படங்களுடன் வெளியிட்டால் சிறு கடைகளுக்குப் பேருதவியாக இருக்கும். முழு டம்ப் கோப்பில் அப்போது திறந்திருந்த ஆவணங்களும் கடவுச்சொற்களும் கூட இருக்கக்கூடும் என்பதால், அதை அறிமுகம் இல்லாதவர்களுக்கு அனுப்பக் கூடாது என்ற எச்சரிக்கையையும் அதில் சேர்க்கக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மென்பொருள் பொறியாளர் ஒருவர்,
கோயம்புத்தூர்