திங்கட்கிழமைக்குள் பதில் சொல்லு

அவிநாசி
மே 24

அன்புள்ள சாந்தி,

பொங்கலுக்குப் பேசியது. அப்புறம் நீ ரெண்டு தடவை கூப்பிட்டும் நான் எடுக்கவில்லை. கோவிச்சுக்காதே. ஷிப்மென்ட் நெருக்கடி, அத்தைக்கு முட்டி ஆபரேஷன், பாப்பாவுக்குப் பத்தாவது பரீட்சை, எல்லாம் ஒட்டுக்கா வந்தது. அத்தை இப்போது கோல் இல்லாமல் நடக்கிறார். அண்ணன் சுகம்தானே? சின்னவன் இன்னும் தயிர்ச் சோற்றுக்குச் சர்க்கரை கேட்கிறானா?

போனில் சொன்னால் நீ ஒரு பக்கம் பேச, நான் ஒரு பக்கம் அழ, விஷயம் நடுவில் போய்விடும். அதனால் எழுதுகிறேன்.

பாப்பா 441 எடுத்திருக்கிறாள். ஒறம்பரை மொத்தமும் "பயோ மேத்ஸ்தானே?" என்று கேட்டுவிட்டுத்தான் இனிப்பையே வாயில் போட்டார்கள். அவள் எல்லாரும் சாப்பிட்டு முடிக்கும்வரை பேசவில்லை. அப்புறம் சொன்னாள்: "நான் டெக்ஸ்டைல்ஸ் குரூப்புங்க. அம்மா படிச்சது."

நங்கையா தட்டைக் கீழே வைத்துவிட்டார். "இத்தனை மார்க் வாங்குனவளக் கம்பெனியில பவர் டேபிள்ல தைக்க உக்கார வெக்கறதா?" இவர் வாயே திறக்கவில்லை. ஆனால் எனக்கு இன்னும் ஆறாதது எது தெரியுமா? முதலில் "வேண்டாம் கண்ணு" என்று சொன்னது நான்தான். அந்த வகுப்பில் கற்றதை வைத்து 26 வருஷமாகச் சோறு தின்கிற நான்.

ஏன் சொன்னேன் என்று ராத்திரி முழுக்க யோசித்தேன். நம் பள்ளிக்கூடத்தில் வொக்கேஷனல், அதாவது தொழிற்கல்வி என்றால் என்ன, சாந்தி? மார்க் குறைந்தவர்களைத் தள்ளிவிடுகிற கடைசி ரூம். என்னிடம் எவரும் விருப்பம் கேட்கவில்லை. லிஸ்டில் பேர் இருந்தது, போய் உட்கார்ந்தேன். நீ ஃபர்ஸ்ட் குரூப். மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் மட்டும் எங்கள் ரூமுக்கு வருவாய், அதுவும் அந்த ஊதா ரவிக்கையைத் தூக்கிக்கொண்டு. (அதைப் பற்றி இனி பேச மாட்டேன் என்று சத்தியம் செய்திருக்கிறேன், விட்டுவிடுகிறேன்.)

ஆனால் அந்த ரூமில் நடந்ததை நினைத்துப் பார். உன் வகுப்பில் போர்டில் பை ஆர் ஸ்கொயர் எழுதிக்கொண்டிருந்த அதே வாரம், எங்கள் டீச்சர் காம்பஸை 5.64 சென்டிமீட்டருக்கு விரித்துத் துணியில் வட்டம் போடச் சொன்னார். வெட்டி எடுத்ததும் கேட்டார், "இதோட பரப்பு எவ்வளவு?" போட்டுப் பார்த்தால் 100 சதுர சென்டிமீட்டர். பள்ளியில் நல்ல தராசு இல்லை. நாலு பேரையும் கடைவீதி நகைக்கடைக்குக் கூட்டிப்போய் எடை போட வைத்தார். 1.8 கிராம். "நூறால பெருக்கு, 180 ஜிஎஸ்எம், ஒரு சதுர மீட்டர் துணி இவ்வளவு எடை" என்றார். கம்பெனியில் இன்றைக்கும் ரவுண்ட் கட்டர் அதே வட்டத்தைத்தான் வெட்டுகிறது. நாற்பதாம் நம்பர் நூல் என்றால் 840 கஜ நூலைச் சுற்றிய சிட்டம் நாற்பது சேர்ந்து ஒரு பவுண்டு எடை என்று எனக்குத் தெரிந்ததும் அங்கேதான். கணக்கில் பயம் போனது அங்கே. நீ கணக்கு டீச்சர், உனக்குப் புரியும்.

இப்போது வேலைக்கு வருகிற பிள்ளைகளைப் பார்க்கிறேன். பட்டம் வாங்கிய பெண்கள், நல்ல புத்திசாலிகள். சம்பளச் சீட்டைக் கையில் கொடுத்தால் எதற்கு என்ன பிடித்திருக்கிறார்கள் என்று தெரியாது. பி.எஃப். 12 சதவீதம், அதே அளவு முதலாளியும் போட வேண்டும், இ.எஸ்.ஐ. முக்கால் சதவீதம், அந்தக் கார்டு இருந்தால் அம்மா அப்பாவுக்கும் வைத்தியம் பார்க்கலாம் என்று பதினைந்து வருஷப் படிப்பில் ஒருவர் கூடச் சொல்லித் தரவில்லை. போன மாதம் ஒரு பெண். மூணு கம்பெனி மாறியிருக்கிறாள், பி.எஃப். கணக்குக்கான யுஏஎன் நம்பரும் மூணு. ஆயுசுக்கும் ஒரே நம்பர்தான் என்று தெரியாமல், பழைய பணம் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தாள். ரெண்டு நாள் உட்கார்ந்து அவளுக்கு எழுதிக் கொடுத்தேன். இது கடைசி ரூம் பிள்ளைகளுக்கு மட்டுமா வேண்டும்? டாக்டர் ஆகப்போகிறவளுக்கும் வேண்டாமா? எல்லாக் குரூப்புக்கும் இப்படி ஒரு பாடம் இருந்தால் என்ன குறைந்துவிடும்?

மாமா மட்டும் நிதானமாகப் பேசினார். 1953-ல் ராஜாஜி கொண்டுவந்த திட்டத்தின்போது அவருக்குப் பத்து வயது. "அரை நாள் பள்ளிக்கூடம், மீதி அரை நாள் அப்பன் தொழில். அதுக்குத்தான் சனங்க எதிர்த்துச்சு, மறு வருசம் காமராஜ் வந்ததும் எடுத்துட்டாங்க. அம்மிணி, பாப்பா இதை அவளாக் கேக்கறாளா, நாம தள்ளறமா? அத மொதல்ல கேளு" என்றார்.

கேட்டேன். அவள் சொன்னது நான் எதிர்பார்க்காதது. போன வருஷம் நோம்பிக்குப் போகும் வழியில் ஒரத்துப்பாளையம் அணையைக் காட்டியிருந்தேன். பாசனத்துக்குக் கட்டிய அணை, சாயத் தண்ணீர் தேங்கி, கீழே இருந்த நிலமெல்லாம் உப்பேறிப் போன கதை உனக்குத் தெரியும். ஒரு சொட்டுக்கூட வெளியே விடக்கூடாது என்று ஹைகோர்ட் சொன்னது, அதைக் கடைப்பிடிக்காததால் 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது, எல்லாம் சொன்னேன். அது அவள் மனசில் உட்கார்ந்திருக்கிறது. "அந்தத் தண்ணியில இருந்து உப்பை எப்படிப் பிரிக்கறாங்க? உப்பே இல்லாமச் சாயம் ஏத்த முடியாதாம்மா?" என்கிறாள். தையலுக்காகக் கேட்கவில்லை சாந்தி. துணியும் வேதியியலும் சேர்ந்த இடத்துக்குப் போக வேண்டும் அவளுக்கு.

அங்கேதான் முட்டுச்சுவர். கெமிஸ்ட்ரி வேண்டுமென்றால் அந்தக் குரூப்பில் துணி கிடையாது. துணி வேண்டுமென்றால் கெமிஸ்ட்ரி கிடையாது. தொழிற்கல்விக்குப் பொறியியல் சேர்க்கையில் தனி ஒதுக்கீடு இருக்கிறது, பாலிடெக்னிக்கில் நேரே ரெண்டாம் வருஷம் சேரலாம், அதெல்லாம் விசாரித்துவிட்டேன். ஆனால் கெமிஸ்ட்ரி தொடாமல் போய் அங்கே திணறினால்? இன்னொன்று, இங்கே பள்ளியில் இப்போது இருக்கிற டெக்ஸ்டைல்ஸ் டீச்சர் அடுத்த வருஷம் ரிட்டையர் ஆகிறாராம். அப்புறம் ஆள் போடுவார்களா என்று கேட்டேன், பதில் வரவில்லை. ரூமுக்குள் எட்டிப் பார்த்தேன். ஏழு மிஷினில் ரெண்டுதான் ஓடும் நிலை. நம் காலத்து மர அலமாரி அப்படியே இருக்கிறது. சாவியைத்தான் தேடினார்கள்.

இப்போதைக்கு என் மனசு இதில் நிற்கிறது. பாப்பா கெமிஸ்ட்ரி உள்ள குரூப்பில் சேரட்டும். சனிக்கிழமை மத்தியானம் நான் அந்த ரூமுக்குப் போய், எந்தக் குரூப் பிள்ளை வந்தாலும் நூல், துணி, சம்பளச் சீட்டு மூன்றும் சொல்லித் தருகிறேன் என்று ஹெச்.எம்.மிடம் எழுதிக் கொடுக்கிறேன். கட்டர் நானே வாங்கித் தருகிறேன். பாப்பா ஒத்துக்கொள்வாளா தெரியவில்லை. "எனக்கு ஒரு சனிக்கிழமை போதாதும்மா" என்று ஒரு தடவை சொல்லிவிட்டாள், அதில் நியாயம் இருக்கிறது.

நீ 20 வருஷமாகப் பதினோராம் வகுப்பு எடுக்கிறாய். வொக்கேஷனலில் இருந்து மேலே போன பிள்ளைகள் கணக்கிலும் கெமிஸ்ட்ரியிலும் எப்படித் தேறினார்கள், எத்தனை பேர் பாதியில் விட்டார்கள் என்று நீ பார்த்ததை மட்டும் சொல்லு. எனக்கு ஆறுதல் வேண்டாம். திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு அட்மிஷன். ஞாயிறு ராத்திரி கூப்பிடு, எத்தனை மணியானாலும் எடுக்கிறேன். பாப்பாவும் பக்கத்தில் இருப்பாள், அவளிடமும் பேசு.

அண்ணனுக்கு என் வணக்கம்.

உன்
கலா