ஸ்டோர்னோவேயிலிருந்து அப்பாவுக்கு

ஸ்டோர்னோவே, லூயிஸ் தீவு, ஸ்காட்லாந்து.
மாசி மாதம், ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும்,

நலம், நலமறிய ஆவல். அப்பா தை மாதம் எழுதிய கடிதம் கிளாஸ்கோ முகவரிக்கு வந்து, உடன் தங்கியிருப்பவர் அதை வேறோர் உறையில் இட்டு இன்வர்னெஸ் நகரத்துக்கு அனுப்பி, அங்கே கச்சேரி மண்டபத்தில் இருந்தவர் என் கையில் கொடுத்தார். தொலைபேசியில் பேசும்போது அம்மா அழத் தொடங்கிவிடுவதால் அப்பாவால் எதையும் முழுதாகச் சொல்ல முடிவதில்லை. சொல்லாமல் விட்டவை எல்லாம் கடிதத்தில் இருந்தன. உடனே பதில் எழுத நினைத்தும் இன்றுதான் நேரம் வாய்த்தது. இந்தத் தீவில் ஞாயிற்றுக்கிழமையைப் புனித நாளாகக் காக்கிறார்கள். 2009 வரை ஞாயிறன்று இந்தத் துறையிலிருந்து அக்கரைக்குப் பயணிகள் கப்பல்கூட ஓடாது என்றார்கள். இன்றும் பெரும்பாலான கடைகள் அடைத்திருக்கின்றன, கச்சேரியும் இல்லை.

எங்கள் இசைக்குழுவில் ஆறு பேர். ஜனவரியில் கிளாஸ்கோவில் நடக்கும் செல்டிக் கனெக்‌ஷன்ஸ் விழாவுடன் இந்தப் பருவம் தொடங்கியது. கடுங்குளிரில் ஆள் வராமல் கிடந்த பெரிய மண்டபத்தை நிரப்புவதற்காக 1994-இல் ஆரம்பித்த இசை விழா அது. இப்போது ஊர் முழுவதும் பல அரங்குகளில் நடக்கிறது. நம் மேளச் செட்டுக்கு முகூர்த்தம் நெருங்கிவரும் தை மாதத்தில்தான் இங்கேயும் வேலை நெருக்குகிறது. அங்கிருந்து வேனில் வடக்கே ஏறி, அல்லாப்பூல் துறையில் வேனோடு கப்பலில் புகுந்து, ஏறத்தாழ இரண்டே முக்கால் மணி நேரம் கடல் ஆட்டிய ஆட்டத்துக்குப் பிறகு இந்தத் தீவை அடைந்தோம். காற்று பலமாக இருந்தால் கப்பல் ஓடாது. அதனால் ஒவ்வொரு தீவுக் கச்சேரிக்கும் முதல் நாள் இரவு எல்லோரும் வானிலை அறிக்கையைப் பார்த்தபடியே உட்கார்ந்திருப்போம்.

மாலையில் மண்டபம் சேர்ந்ததும் பெட்டிகளை இறக்குவோம். நான் படித்தது ஒலிப்பதிவு என்பதால் மைக் வைப்பதும் ஒயர் இழுப்பதும் என் பொறுப்பில்தான் இருக்கின்றன. பிறகு கச்சேரி, இடைவேளையில் இசைத்தட்டு விற்பனை, மீண்டும் கச்சேரி, மீண்டும் பெட்டி ஏற்றுதல். சிற்றூர்களில் விடுதிக்குப் பதிலாக ரசிகர்கள் தங்கள் வீட்டிலேயே படுக்க இடம் கொடுக்கிறார்கள். பெரியப்பா செட்டின் வேனில் தவிலுக்கும் சுருதிப் பெட்டிக்கும் நடுவே தூங்கி வளர்ந்தவனுக்கு இந்த வாழ்க்கை புதிதாகத் தோன்றவில்லை.

நான் என்ன வாசிக்கிறேன் என்று பெரியப்பா கேட்டிருந்ததால் அதை விவரமாக எழுதுகிறேன். பவ்ரான் என்பது இவர்களுடைய கைப்பறை. கஞ்சிராவைவிடப் பெரிய மரவளையம், ஒரு பக்கம் மட்டும் ஆட்டுத்தோல். ஒரு கையில் சிறு குச்சியால் அடித்துக்கொண்டே, மறு கையைத் தோலின் உட்புறம் வைத்து அழுத்தி நாதத்தை ஏற்றி இறக்க வேண்டும். இங்கே வலக்கைக்காரர்கள் எல்லோரும் வலக்கையில் குச்சி பிடிக்கிறார்கள். சிறு வயதிலிருந்து இடக்கையில் பூவரசங்கழி பிடித்துத் தவிலின் இடப்பக்கத் தொப்பியில் அடித்த பழக்கத்தால் நான் இடக்கையில்தான் பிடிக்கிறேன். முதலில் வியப்பாகப் பார்த்தார்கள். இப்போது அந்த அடியின் கனம் வேறு யாருக்கும் வராது என்று குழல் வாசிப்பவரே மேடையில் சொல்கிறார். அது அப்பா கொடுத்த கை.

இவர்களுடைய ஆட்ட மெட்டுகளில் ஜிக் என்பது மூன்று மூன்றாக நடக்கும் நம் திஸ்ரம், ரீல் என்பது நான்கு நான்காக நடக்கும் சதுஸ்ரம். ஸ்ட்ராத்ஸ்பே என்று ஒன்று உண்டு; அதில் குறிலை முன்னே வெட்டி நெடிலைப் பின்னே நிறுத்துவார்கள், கை அதற்குப் பழக நாளாயிற்று. ஸ்லிப் ஜிக் ஒன்பது எண்ணிக்கை, ஆனால் சங்கீர்ணம் என்று நினைத்துக் கைவைத்தால் பிசகிவிடும். நாலும் ஐந்துமாகப் பிரியாமல் மூன்று மூன்றாக நடப்பது அது. மெட்டுக்கு இரண்டு பகுதி, ஒவ்வொரு பகுதியும் இரண்டு தடவை. முழு மெட்டையும் பெரும்பாலும் மூன்று முறை வாசித்துவிட்டு, நிறுத்தாமல் அடுத்த மெட்டுக்குத் தாவுவார்கள். தாவும் இடத்தில் பிடில்காரர் புருவத்தை லேசாக உயர்த்துவார், அவ்வளவுதான் சைகை. தனி ஆவர்த்தனம் கிடையாது, தீர்மானம் வைத்து முடிப்பதும் கிடையாது. பாட்டைத் தூக்கிக் கொடு, அதன் மேல் ஏறி உட்காராதே என்று அப்பா சொல்வதைத்தான் தினமும் இரவு இரண்டு மணி நேரம் செய்துகொண்டிருக்கிறேன்.

வெளியூர்களில் என்னுடன் அறையில் தங்குபவர், காற்றுப்பையோடு குழாய்கள் சேர்ந்த பேக்பைப் வாத்தியம் வாசிக்கும் பெரியவர். அவரைப் பார்த்தால் பெரியப்பா வியந்துபோவார். நாணற்சீவல் வைத்த சீவாளிகளைத் தகரப் பெட்டியில் போட்டுச் சட்டையின் உட்பையில் வைத்துக்கொண்டுதான் தூங்குகிறார். குளிரிலும் ஈரத்திலும் சுருதி ஓடிவிடுமாம். விடியற்காலையில் எழுந்து ஒவ்வொன்றையும் உதட்டில் வைத்து ஊதிப் பார்ப்பார், ஒன்றைக் கத்தியால் மயிரிழை அளவு சீவுவார், மறுபடி ஊதுவார், தலையை ஆட்டிவிட்டு மூடி வைப்பார். அந்த நேரத்தில் யாருடனும் பேசமாட்டார். அவருடைய வாத்தியத்தில் மூன்று குழாய்கள் ஓயாமல் சுருதி கொடுக்கின்றன. தனியாக ஒத்துக்காரர் வேண்டியதில்லை. ஸ்வரங்கள் ஒன்பது மட்டுமே. மூச்சு விடாமல் ஒலிக்கும் வாத்தியமானதால், ஒரே ஸ்வரத்தை இருமுறை வாசிக்க வேண்டுமானால்கூட நடுவே வேறொரு துளி ஸ்வரத்தைத் தட்டித்தான் பிரிக்க முடியும்.

அவருக்கு மெட்டுகளைக் கற்றுக்கொடுத்தவர் தாளில் எழுதிக் கொடுக்கவில்லை; வாயால் சொல்லிக் கொடுத்தார். கன்ட்டரெக் என்று பெயர். உயிரெழுத்து ஸ்வரத்தைக் காட்டும், மெய்யெழுத்து துளி ஸ்வரத்தைக் காட்டும். அவர் அதைச் சொல்லச் சொல்ல, நான் தொடையில் தட்டியபடி நம் தவில் சொற்கட்டைச் சொல்ல, அடுத்த அறையில் இருந்தவர் கதவைத் தட்டும் வரை உட்கார்ந்திருந்தோம். அன்றுதான் அவர் மெக்ரிம்மன் குடும்பத்தைப் பற்றிச் சொன்னார். ஸ்கை தீவில் மெக்லவுட் குலத் தலைவர்களுக்குப் பரம்பரையாகப் பேக்பைப் வாசித்த குழல்காரர்கள் அவர்கள். போரெரெய்க் என்ற இடத்தில் நிலம் பெற்று, அங்கேயே பள்ளி நடத்தி, பல ஊர்ப் பிள்ளைகளுக்கும் வாசிக்கக் கற்றுக்கொடுத்தார்கள். 18-ஆம் நூற்றாண்டில் குலத் தலைவர்களின் நிலை மாறி, ஆதரவு குறைந்து, அந்தப் பள்ளி நின்றுபோனது. நம் தாத்தா காலத்து மேளக்கார மானிய நிலத்தைப் பற்றி வீட்டில் கேட்டு வளர்ந்த எனக்கு இதில் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

ஆனால் வாசிப்பு நின்றுபோகவில்லை, அப்பா. 1781-இல் ஃபால்கர்க் ஊரில் பரிசு வைத்துப் போட்டி நடத்தினார்கள். பட்டாளங்கள் குழல்காரர்களை வேலைக்கு எடுத்துக்கொண்டன. இன்று கிளாஸ்கோவில் இந்த வாத்தியத்தில் பட்டப்படிப்பே இருக்கிறது. எங்கள் குழுவின் இளைய குழல்காரர் அதைப் படித்தவர். நிலம் போன பிறகும் வித்தைக்கு வேறு இடம் கிடைத்தது. இதை ஏன் இவ்வளவு எழுதுகிறேன் என்பதைக் கீழே சொல்கிறேன்.

சாப்பாட்டைப் பற்றி அம்மா கவலைப்பட வேண்டாம். காலையில் ஓட்ஸ் கஞ்சி. இங்கே பழைய ஆட்கள் அதில் சர்க்கரை போடுவதில்லை, உப்புதான், ஆகவே எனக்குப் பிடித்திருக்கிறது. புகையூட்டிய மீனையும் உருளைக்கிழங்கையும் பாலில் வேகவைத்து ஒரு சூப் செய்கிறார்கள், குளிருக்கு இதமாக இருக்கும். தங்கும் வீடுகளில் இரவுச் சாப்பாடு வயிறு நிறையப் போடுவதால் மதியம் பசிப்பதே இல்லை, பழகிவிட்டது. அக்கா கொடுத்தனுப்பிய பருப்புப்பொடி இன்னும் கொஞ்சம் இருக்கிறது. கிளாஸ்கோவில் இருக்கும்போது மட்டும் சோறு வடித்து அதைத் தொட்டுக்கொள்கிறேன். குளிருக்கு நல்ல கோட்டு வாங்கிவிட்டேன். ஒருவர் உடுத்தியதுதான், ஆனால் கம்பளி கெட்டியானது. டிசம்பரில் இந்தப் பக்கம் பிற்பகல் மூன்றரை மணிக்கே சூரியன் போய்விடும். இப்போது பொழுது நீண்டுவருகிறது.

ஆடி மாதம் குழுவினர் பிரான்சில் லோரியாங் நகரத்து விழாவுக்குப் போனபோது நான் மட்டும் போகவில்லை என்று அம்மா வருத்தப்பட்டதாக அக்கா சொன்னாள். இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு அந்த நாடுகளுக்குத் தனி விசா வேண்டும், நேரத்துக்குள் தேதி கிடைக்கவில்லை, வேறொருவர் எனக்குப் பதில் வாசித்தார். அதனால் ஒன்றும் கெட்டுவிடவில்லை. அந்த வாரங்களில் ஒரு கிடங்கில் இரவு வேலை கிடைத்தது. இப்போதும் சுற்றுப்பயணம் இல்லாத நாட்களில் அங்கே போகிறேன். நடந்துகொண்டே இருக்கும் வேலை, உடம்புக்கு நல்லது.

இன்று காலை பாடகியின் தாயார் என்னைத் தம் தேவாலயத்துக்கு அழைத்துச் சென்றார். பாடகி இந்தத் தீவுக்காரி, கேலிக் மொழிதான் வீட்டில் பேசுகிறார்கள். அங்கே ஆர்கன் இல்லை, எந்த வாத்தியமும் இல்லை. வயதான ஒருவர் பைபிளில் உள்ள சங்கீதப் பாட்டின் ஒரு வரியைத் தனியாக எடுத்துக் கொடுக்கிறார். சபையில் இருப்பவர்கள் அதை வாங்கிப் பாடுகிறார்கள், ஆனால் ஒரே மாதிரி பாடுவதில்லை. ஒருவர் குழைந்து மேலே போகிறார், ஒருவர் கீழே நின்று இழுக்கிறார், அவரவர் கமகம் அவரவருக்கு. எல்லாம் சேர்ந்து அலையாக எழுந்து, முடியும் முன்பே பெரியவர் அடுத்த வரியை எடுத்துவிடுகிறார். எனக்கு மொழி தெரியாது. நான் கேட்டது நம் கோயில் மண்டபத்தில் ஓதுவார் ஐயா தேவாரம் எடுக்கும் குரலைத்தான். அவர் முடித்ததும் அப்பாவின் தவிலில் முதல் அடி விழும் அல்லவா, அந்த அடிக்காக என் காது காத்திருந்தது. அது வரவில்லை. பக்கத்தில் இருந்த அம்மையார் தம் கைக்குட்டையை என் பக்கம் நகர்த்தினார்; ஒன்றும் கேட்கவில்லை. பங்குனி உற்சவத்தில் சுவாமி புறப்பாட்டுக்கு மல்லாரி எடுக்கும்போது யாராவது கைப்பேசியை அருகில் பிடித்திருந்தால் போதும், எனக்கு இங்கே எந்த நேரமாக இருந்தாலும் விழித்திருந்து கேட்பேன்.

இனி வீட்டு விஷயம். சாயரட்சைக்கு மின்சார மேளம் வைத்துவிட்டார்கள் என்றும், இனி தம்பி தவிலைத் தூக்குவதில் பயனில்லை, திருப்பூர் பனியன் கம்பெனிக்கு அனுப்பிவிடலாம் என்று மாமா சொல்வதாகவும் அப்பா எழுதியிருக்கிறீர்கள். படித்தபோது மனம் மிகவும் வேதனைப்பட்டது. மாமா நம் நன்மைக்காகத்தான் சொல்கிறார், அவர்மேல் குறையில்லை. ஆனால் தம்பியின் கை என் கையைவிட நல்ல கை. அது உங்களுக்கும் தெரியும். அவனை மாவட்ட அரசு இசைப்பள்ளியில் தவில் பிரிவில் சேர்த்துவிடுங்கள். மூன்றாண்டுப் படிப்பு, 25 வயதுக்குள் இருந்தால் சேரலாம். வீட்டில் கற்றது போதாதா என்று பெரியப்பா கேட்பார். வித்தைக்குப் போதும், கோயிலில் வேலைக்கு விண்ணப்பிக்கும்போது சான்றிதழ் கேட்கிறார்கள், அதற்காகத்தான். முடித்தபின் திருவையாறு இசைக் கல்லூரியைப் பற்றி யோசிக்கலாம். காலையில் பள்ளி, மாலையில் அப்பாவிடம் பாடம், முகூர்த்த நாளில் பெரியப்பா செட்டு என்று அவனுக்கு வகுத்துக் கொடுங்கள். அவனுடைய பேருந்துச் செலவும் சாப்பாட்டுச் செலவும் என் பொறுப்பு.

அக்காவின் வளைகாப்புக்கு என்னால் வர இயலாது. விசா முடிவதற்குள் வந்து திரும்புவது இந்த ஆண்டு சரிப்படாது. வளையலுக்கும் சீர்வரிசைக்கும் ஆகும் தொகையைப் பங்குனி பிறப்பதற்குள் அனுப்புகிறேன். இந்த மாதம் வழக்கத்தைவிடச் சற்றுக் குறைவாக வரும். குழுவின் கணக்குச் சுற்றுப்பயணம் முடிந்த பிறகுதான் பிரிப்பார்கள், வேறு காரணம் இல்லை. வங்கியில் இருக்கும் அம்மாவின் சங்கிலிக்கு வட்டி மட்டும் கட்டிப் புதுப்பித்து வைக்கவும். அதை மீட்கும் பொறுப்பை என்னிடம் விட்டுவிடுங்கள், மாமாவிடம் கேட்க வேண்டாம்.

அப்பாவின் சுட்டுவிரல் வீக்கம் குறைந்ததா என்று கடிதத்தில் ஒரு வரியும் இல்லை. தவில் வாசிக்க விரல்களில் கூடு கட்டுவதற்கு முன் டாக்டரிடம் காட்டிவிடவும். இந்த முகூர்த்தங்களுக்கு அய்யம்பேட்டை சித்தப்பாவை ஒத்தாசைக்குக் கூப்பிட்டால் மறுக்க மாட்டார். தம்பியின் மாற்றுச் சான்றிதழையும் சாதிச் சான்றிதழையும் இப்போதே எடுத்து வையுங்கள், கோடை விடுமுறை முடிவதற்குள் சேர்க்கை தொடங்கிவிடும். பெரிய தவிலுக்கு வலந்தலைத் தோல் மாற்ற ஆகும் செலவை அவன் பெயரில் தனியாக அனுப்புகிறேன். அதை வேறு எதற்கும் எடுக்க வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லுங்கள். பதிலைக் கிளாஸ்கோ முகவரிக்கே எழுதவும்.

தங்கள் அன்பு மகன்