ஆயில் சீலை மாற்றும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பெட்ரோல் கோல்ஃப் வண்டியில் ஆயில் கசிந்தால் உடனே இன்ஜினை இறக்க வேண்டும் என்று உரிமையாளரை அச்சுறுத்தும் பணிமனைகள் உண்டு. பெரும்பாலும் அது வீண் செலவு. நனைந்திருக்கும் இடத்தையே கசியும் இடமாகக் கொள்ளக் கூடாது. வால்வு மூடியின் அடைப்புப் பட்டையான வால்வு கவர் கேஸ்கெட்டில் தொடங்கும் கசிவு, இன்ஜின் உடல் வழியே இறங்கி, விசிறிக் காற்றிலும் சிதறி, எங்கோ அடியில் சொட்டும். ஆகவே இன்ஜினைக் கழுவி உலர்த்தி, ஏர் ஃபில்டர் பக்கம் போகாமல் முகப் பவுடர் தூவி, சற்று நேரம் ஓடவிட்டால், முதலில் கருக்கும் கோடு மூலத்தைக் காட்டிவிடும்.

இன்ஜினின் சுழல் தண்டைச் சுற்றி ஆயிலைத் தடுத்து நிறுத்தும் வளையமான கிராங்க் ஷாஃப்ட் ஆயில் சீல்தான் கசிகிறது என்று தெரிந்தாலும், அளவுக் கம்பியின் மேல்கோட்டைத் தாண்டி ஆயில் ஊற்றப்பட்டிருக்கிறதா, உள் அழுத்தத்தை வெளியேற்றும் வழியான பிரீதர் அடைத்திருக்கிறதா என்று பார்த்த பின்னரே அதில் கை வைக்க வேண்டும். இவற்றால் உள்ளே அழுத்தம் கூடினால் புதிய சீலும் கசியும். இந்தச் சோதனைக்குப் பத்து நிமிடம் போதும். ஏனோ அதைத்தான் தவிர்க்கிறார்கள்.

சீலை மாற்றியே ஆக வேண்டுமெனில், ஷாஃப்ட் முனையில் உள்ள கிளட்ச்சைப் புல்லர் என்னும் கழற்றும் கருவி கொண்டு கழற்றி, ஷாஃப்ட்டில் கீறல் விழாமல் பழையதை நெம்பி எடுத்து, புதியதன் உதட்டில் ஆயில் தடவிச் சமமாக அமர்த்த வேண்டும். கிளட்ச்சில் ஓடும் பெல்ட் ஆயிலில் ஊறியிருந்தால் வழுக்குமாதலால், அதையும் மாற்றிவிடுவது நல்லது.

இப்படிக்கு,
மெக்கானிக் ஒருவர்