‘அக்கா’ என்ற பெயரில் என்ன பிழை? படிகவியல் மென்பொருள் எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

ஹட்டனுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயக் குடியிருப்பிலிருந்து எழுதுகிறேன். தேயிலையில் இருக்கும் காஃபீனும் ஒட்சாலிக் அமிலமும் சேர்ந்த படிகத்தின் கட்டமைப்பைக் கண்டறிவது என் ஆய்வில் ஒரு பகுதி. கொழுந்து பறித்து உன்னை வளர்த்தால் நீயும் தேயிலைக்குள்ளேயே நிற்கிறாயே என்று அம்மா சிரிப்பார்.

உங்களில் ஒருவர் எழுதிய நிரல், பெயர் வேண்டாம், மூன்று நாள் என்னை அலைக்கழித்தது. கணித்த கட்டமைப்பை அளவீடுகளோடு பொருத்திச் செம்மையாக்கத் தொடங்கியதும் சாளரம் மறைந்துவிடும். பிழைச்செய்தி கிடையாது.

முதலில் தரவைத்தான் சந்தேகித்தேன். எச்கேஎல் கோப்பில், அதாவது படிகத்தில் பட்டுச் சிதறிய எக்ஸ்-கதிர்ப் புள்ளிகளின் பட்டியலில், எண்கள் இடம் பிசகக் கூடாது: ஒவ்வொரு வரியிலும் புள்ளியை அடையாளம் காட்டும் மூன்று சுட்டெண்களுக்கும் நான்கு நான்கு இடங்கள், செறிவுக்கு எட்டு, அதன் பிழை மதிப்பீட்டுக்கு எட்டு. திரையில் அடிமட்டத்தை வைத்து வரிவரியாகப் பார்த்தேன். பிசகில்லை. வைரஸ் தடுப்பானை நிறுத்தினேன். இரண்டு தடவை மறுபடி நிறுவினேன். மழை நாளில் எங்கள் இணைப்புக்கு ஒரு தரவிறக்கமே ஒரு மாலையைத் தின்றுவிடும்.

மூன்றாம் நாள், நிரல் விட்டுச்சென்ற பதிவுக் கோப்பின் கடைசி வரி கண்ணில் பட்டது. பயனர் கோப்புறையின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஐந்து கேள்விக்குறிகள்.

மடிக்கணினி வாங்கிய அன்று கணக்கைத் திறந்தவள் தங்கை. பெயர் கேட்ட இடத்தில் ‘அக்கா’ என்று தட்டிவிட்டாள். பயனர் கோப்புறைக்கும் அதுவே பெயராகிவிட்டது. நமக்கு அது மூன்றெழுத்து. உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் எண் தரும் யூனிகோடுக்கு ஐந்து குறி: அ, க, புள்ளி, க, கால். நிரலோ பாதையை, அதாவது கோப்பு இருக்கும் இடத்தின் முகவரியை, பழைய எட்டு பிட் எழுத்துத் தொகுதியில் படிக்கிறது. அதில் தமிழ் இல்லாததால் குறிக்கொரு கேள்விக்குறி. விண்டோஸில் கோப்புப் பெயருக்குள் கேள்விக்குறி வரவே கூடாது. அதனால் பயனர் கோப்புறைக்குள் நிரல் வைக்கப் பார்க்கும் தற்காலிகக் கோப்பு திறக்காது. திறந்ததா என்று பாராமலே எழுதப் போய் நிரல் முடங்கிவிடுகிறது.

கணக்கின் பெயரை மாற்றினேன். கோப்புறையின் பெயர் மாறவில்லை. விண்டோஸ் அப்படித்தான். கடைசியில் சி டிரைவில் ஆங்கிலப் பெயரில் ஒரு கோப்புறை திறந்து, தற்காலிகக் கோப்புகளையும் அங்கே திருப்பிவிட்டேன். அரை நிமிடத்தில் வேலை முடிந்தது.

பழைய நிரல்களின் சங்கடம் புரியாமலில்லை. படிகக் கட்டமைப்பைக் கணிக்கும் 1976இன் ஷெல்எக்ஸ் நிரல் துளையட்டைக் காலத்துப் பிள்ளை. படிகத் தரவைப் பகிர 1991இல் வந்த சிஐஎஃப் கோப்பு வடிவமும் ஆஸ்கி எழுத்துகளோடு, அதாவது அடிப்படை ஆங்கில எழுத்துகளோடும் குறிகளோடும், நின்றுகொண்டது. ஆனால் 2016இல் வெளியான அதன் இரண்டாம் பதிப்பு யூனிகோடை ஏற்கிறது. ஆக, கோப்புக்குள் தமிழ் எழுதலாம், கோப்பு குடியிருக்கும் இடத்துக்கு மட்டும் தமிழ்ப் பெயர் ஆகாது. இது என்ன நியாயம்?

கோப்பு திறக்காவிட்டால் எந்தப் பாதை என்று ஒரு வரி சொல்லிவிட்டு நிறுத்துங்கள். வெளியிடுமுன் ‘அக்கா’ என்ற கோப்புறையில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். ‘ஆங்கிலப் பெயரே வையுங்கள்’ என்று கையேட்டில் ஒரு வரி சேர்த்துவிட்டுத் திருத்திவிட்டோம் என்று மட்டும் சொல்லாதீர்கள்.

அந்தக் கணக்கை நான் அழிக்கவில்லை. உங்கள் அடுத்த பதிப்பை அதில்தான் நிறுவுவேன்.

இப்படிக்கு,
ஓர் ஆய்வு மாணவி,
ஹட்டன்