ஒரு தாளுக்கு 200 யென்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஜப்பானிய அனிமே, அதாவது கார்ட்டூன் படங்கள் இப்போது தமிழ் டப்பிங்கோடு தியேட்டருக்கே வருகின்றன, முதல் நாள் கூட்டம், வசூல் என்று செய்தியும் வருகிறது. பிளஸ் டூ படிக்கும் என் மகளுக்கு ஜப்பான் போய் அனிமேட்டர் ஆக வேண்டும் என்று ஒரே பிடிவாதம். சரி, அங்கே என்ன சம்பளம் என்று தேடிப் பார்த்தேன், மனசு கேட்கவில்லை.

ஒரு பாத்திரம் கையைத் தூக்குகிறது என்றால் முக்கியமான நிலைகளை மூத்த ஓவியர் வரைந்துவிடுவார். நடுவில் கை எங்கெங்கே நிற்கும், சட்டை மடிப்பு எப்படி நகரும், முடி எப்படி அசையும் என்பதையெல்லாம், அடியில் விளக்கு எரியும் மேசையில் தாள்மேல் தாள் வைத்து வரைவது பெரும்பாலும் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள். அதற்கு பீஸ் ரேட், தாளுக்குச் சுமார் 200 யென். மாதம் 500 தாள் வரைந்தாலும் 1 லட்சம் யென்தான், டோக்கியோவில் வாடகை கொடுத்தபின் அதில் சாப்பிடுவது எப்படி? 2019-ல் அனிமேட்டர்கள் சங்கம் எடுத்த கணக்கெடுப்பில் இத்துறையினரின் சராசரி வேலை நேரம் மாதம் 230 மணி.

தொழிலில் பணம் இல்லை என்றால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். 2023-ல் மொத்தச் சந்தை 3.3 லட்சம் கோடி யென், அதில் பாதிக்கு மேல் வெளிநாட்டிலிருந்து வந்தது, அதாவது நம்மைப் போன்றவர்கள் கொடுத்தது. ஆனால் டிவி சேனல், பதிப்பகம், பொம்மை கம்பெனி எல்லாம் சேர்ந்து முதல் போட்டு ஒரு கமிட்டி அமைக்கிறார்கள், லாபம் அவர்களுக்கு, ஸ்டுடியோவுக்கு ஒப்பந்தத் தொகை மட்டும். அந்தக் கமிட்டியில் தானும் முதல் போடாத ஸ்டுடியோவுக்குப் படம் எவ்வளவு ஓடினாலும் பங்கு கிடையாது, அப்புறம் வரைந்தவர்களுக்கு எங்கிருந்து வரும்?

இத்தனைக்கும் மியாசாகி, தகாஹதா போன்ற அனிமே இயக்குநர் மேதைகளே 1960-களில் தோயெய் ஸ்டுடியோவில் தொழிற்சங்கப் பொறுப்பில் இருந்து போராடியவர்கள். இன்று அனிமேட்டர்களில் பாதிப் பேருக்கு மேல் ஃப்ரீலான்ஸ், ஓவர்டைம் கேட்கக்கூட முதலாளி என்று ஒருவர் இல்லை. 2024 நவம்பரில் ஃப்ரீலான்ஸ் தொழிலாளர்களுக்கான சட்டம் வந்திருக்கிறது, ஒப்பந்த விவரத்தை எழுத்தில் தர வேண்டும், 60 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்கிறது. நல்லதுதான், ஆனால் அந்த 200 யென்னை அது உயர்த்தவில்லை.

அடுத்த முறை அனிமே வசூல் செய்தி போடும்போது பக்கத்திலேயே இந்தக் கூலியையும் போடுங்கள், என் மகளைப் போன்ற பிள்ளைகள் உங்கள் சினிமா பக்கத்தைத்தான் முதலில் புரட்டுகிறார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, திருச்சி